பனி நாட்டில் ஓடும் வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டுக்குச் சில்லுப் பூட்டி, அதை மாசி மாதத்துப் பனியிலே வட துருவத்தை நோக்கி ஓட்டிப் பார் என்றும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. எமக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஒஸ்லோ நகரில் குடியிருக்கும் எமது பெறாமகன் பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்கி, மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, நோர்வேயின் வடகோடி என்று பேர்பெற்ற வடமுனை வரை போய்வரத் திட்டமிட்டிருந்தான். விருந்தாளியாகச் சென்றிருந்த நாம் ஐந்தாவது ஆளாக ஏற்றப்பட்டோம்.

பயணம் 11 நாள். அதற்குரிய ஆயத்தமோ 5 வாரம். ஊர் திரும்பிய பின் நண்பர்கள் பலர், வானத்தில் பச்சைத் திரைபோல ஆடும் வடதுருவ ஒளியைப் பற்றி எழுதும்படி கேட்டனர். அதை எழுத வல்லார் பலர் உளர். நாம் ஆயத்தத்தைப் பற்றியே எழுதப்போகின்றோம். காரணம் உண்டு. அந்த ஆயத்தத்தில் எமது பங்காக, எவரிடமும் கேளாமல், நாம் செய்த ஒரே காரியம் வண்டியிலிருந்த ஐந்து உயிர்களுக்கும் உலை வைக்கப் பார்த்தது. அக்கதை பின்னால் வரும்.

நோர்வேக்காரர் இவ்வண்டியைப் "பூபீல்" என்கின்றனர். "பூ" என்றால் குடியிருத்தல். "பீல்" என்றால் மோட்டார் வண்டி. சாரதியின் இருக்கைக்குப் பின்னே ஒரு மேசையும் இரண்டு வாங்குகளும்; அதற்கப்பால் அடுப்பு, கழுவுந்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி; கடைசியிற் படுக்கைகளும் மலசலகூடமும். தரைக்குக் கீழே நன்னீருக்கு ஒரு தாங்கி, கழிவுநீருக்கு ஒரு தாங்கி. பக்கத்துப் பெட்டியிலே இரண்டு காஸ் சிலிண்டர்கள். கோடையில் ஐரோப்பியர் பலர் இத்தகைய வண்டிகளில் ஊர் சுற்றுவர். மாரி வந்ததும் பெரும்பாலோர் தண்ணீரை வடித்துவிட்டு வண்டியைக் கொட்டிலில் நிறுத்திவிடுவர். நிறுத்த மனமில்லாதவர்களுக்கென்று ஓர் ஐரோப்பியத் தரவிதி இருக்கின்றது. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியஸ் குளிர் நிற்கையில், உள்ளே 4 மணி நேரத்துக்குள் 20 பாகை வெப்பத்தை உண்டாக்கவும், குழாயில் தண்ணீர் ஓடவும் வல்ல வண்டிக்கே அவ்விதியின் மிக உயர்ந்த மூன்றாந்தரம் கிடைக்கும். பெறாமகனின் வண்டி அத்தரத்தது. ஆனால் விதியில் எழுதிய 15 பாகையோடு குளிர் நின்றுவிடுமா? நாம் கடக்கவிருந்த பின்மார்க் பிரதேசத்தில், கராஷோக் என்னும் இடத்தில், 1886ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி பூச்சியத்துக்குக் கீழ் 51.4 பாகை பதிவாகியது. நோர்வேயில் இன்றுவரை பதிவானவற்றுள் அதுவே மிகக் கொடிய குளிர்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். புல்நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான்; மார்கழி விடியலில் தெருவை மூடுவதும் பனிதான்; நுவரெலியாவில் தை மாசியிலே புற்றரையில் வெண்மையாய்ப் படிவதும் பனிதான்; இமயமலையில் மலைமலையாய்க் கிடப்பதும் பனிதான். மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலமென்று வகுத்தவர்கள் நாம். ஒரே சொல்லுக்குள் ஈரத்தையும் குளிரையும் வைத்துக் கட்டிவிட்டதனாலோ என்னவோ, இரண்டும் வெவ்வேறு பகைவர்கள் என்பது எமக்கு எளிதிற் புலப்படவில்லை. அதைப் புலப்படுத்தியவர் ஒரு முதியவர். 1980களில் பின்மார்க் கரையோர மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவருள் அவரும் ஒருவர். பல மாரிகளை அங்கே கண்டவர். ஆயத்தம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, குளிர் சொல்லிப்போட்டு வரும். ஈரம் சொல்லாமல் வரும். ஈரத்தைப் பார்" என்றார். நாம் அதைக் கேட்டுத் தலையசைத்தோம். விளங்கிக்கொள்ளவில்லை.

பெறாமகன் விளங்கிக்கொண்டான். ஆகவே தண்ணீரிலிருந்து தொடங்கினான்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும் என்பதை மாணவ நேயர்கள் படித்திருப்பர். போத்தலில் நிறைத்து மூடிய தண்ணீரை உறையவிட்டால் போத்தல் வெடிப்பது அதனாலேதான். வண்டியிலோ வெடிப்பது ஒரு போத்தல் அன்று. குழாய், பம்பி, வடிகட்டி, தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலம் எல்லாமே வெடிக்கும். வெடித்த செய்தியும் அன்றே தெரியவராது. பனிக்கட்டியே அடைப்பாக நின்று ஒழுக்கைத் தடுத்துவிடும். உருகும் நாளிலேதான் தரை நனையும். ஆகவே நல்ல மாரிக்கால வண்டிகளில் தரையை இரண்டு தட்டாகக் கட்டி, தாங்கிகளையும் குழாய்களையும் இடையிலே வைத்து, சூடான காற்றை அவ்விடைவெளியிற் செலுத்துகின்றனர். பெறாமகன் நிலத்தில் மல்லாந்து படுத்து, அந்தச் சூட்டுக்காற்று எட்டாத மூலைகளைத் தேடித் தேடி, குழாய்களுக்கு நுரைப்பஞ்சு உறை போட்டான். இதற்கே இரண்டு வார இறுதிகள் சென்றன.

கழிவுநீர் வேறு வகை. பாத்திரம் கழுவிய நீரைத் தாங்கியிலே தேங்கவிட்டால் அது ஓரிரவில் ஒரே கட்டியாகிவிடும். ஆகவே தாங்கியின் வாயைத் திறந்து வைத்து, அடியில் ஒரு வாளியை வைத்துவிடுவது வழக்கம். விடியற்காலையில் வாளிக்குள் இருப்பதைக் கட்டியாகவே தூக்கிக் கொண்டுபோய் உரிய இடத்திற் கொட்டலாம். பனிக்கட்டி தட்டினாற் கழன்றுவர இறப்பர் வாளியே ஏற்றது. உறையாமைத் திரவத்தைச் சேர்ப்போரும் உளர். அதிலே கவனம் வேண்டும்: எஞ்சினுக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கப்படுவது புரொப்பிலீன் கிளைக்கோல், இரண்டும் ஒன்றல்ல.

கொதிகலத்தில் ஒரு சிறு காவற்காரன் இருக்கின்றான். அவன் ஒரு வால்வு. தன்னைச் சுற்றிய வெப்பம் சுமார் 3 பாகைக்கு இறங்கியதும், எவரையும் கேளாமல் தானே திறந்து, கொதிகலத்துத் தண்ணீர் முழுவதையும் நிலத்தில் ஊற்றிவிடுவான். தண்ணீர் போனாலும் கலம் பிழைக்கட்டும் என்பது அவன் கொள்கை. ஒத்திகைக்காக ஒஸ்லோ வீட்டு முற்றத்தில் ஓர் இரவு வண்டியிற் படுத்தபோது, காஸை மிச்சம் பிடிக்க எண்ணிச் சூடாக்கியை மிகவும் தணித்துவைத்தோம். தண்ணீர்ப் பம்பியின் ஆளியை அணைக்கவும் மறந்தோம். காவற்காரன் நள்ளிரவில் வாயைத் திறந்தான். பம்பியோ, எங்கோ குழாய் திறந்திருக்கின்றது என்று எண்ணித் தாங்கியிலிருந்த தண்ணீரையெல்லாம் இறைத்து இறைத்து அவன் வாயில் ஊற்றியது. விடிந்தபோது வண்டியின் கீழே கண்ணாடித் தரை போட்டிருந்தது. நான்கு சில்லுகளும் அதிலே ஒட்டியிருந்தன. பிள்ளைகளுக்கு அது நல்ல சறுக்கு விளையாட்டாயிற்று. வால்வை மீண்டும் மூடப்போனால், தன் இடம் சுமார் 7 பாகை வரை சூடேறினாலன்றி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்று முதல் படுக்குமுன் பம்பியை அணைப்பது பெரியவனின் பொறுப்பாயிற்று. இரவிற் சில்லுகளின் கீழே பலகைத் துண்டு வைக்கும் வழக்கமும் அன்றே பிறந்தது.

இனிக் காஸ். நமது அடுப்படிகளில் எரியும் காஸ் புரொப்பேனும் பியூற்றேனும் கலந்தது. நம் நாட்டு வெப்பத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் அறிவதில்லை. பியூற்றேன் பூச்சியத்துக்குச் சற்றே கீழ், அதாவது அரைப்பாகை கீழ், வந்தாலே ஆவியாக மறுத்துத் திரவமாகவே கிடக்கும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாற் பாரம் இருக்கும்; அடுப்பிலோ நெருப்பு இராது. புரொப்பேனின் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை. ஆதலின் அது கடுங்குளிரிலும் ஆவியாகும். தென் ஐரோப்பாவில் நிரப்பிய சிலிண்டரோடு வடக்கே வந்து, குளிர்ந்த அடுப்பைப் பார்த்தபடி இருந்தோரும் உண்டாம். தனிப் புரொப்பேன்தானா என்று கேட்டு வாங்கவேண்டும். அளவையும் குறைத்து மதிப்பிடலாகாது. கோடையில் வாரக்கணக்கில் வரும் 11 கிலோச் சிலிண்டர், இரவுபகலாகச் சூடாக்கி எரிந்தால் மூன்று நான்கு நாளில் தீர்ந்துபோகும். அது தீரும் வேளை எப்போதும் விடியற்காலை 3 மணியாகவே இருப்பது ஏனென்று மட்டும் எமக்கு விளங்கவில்லை.

பற்றரிகளுக்கும் சுபாவ பேதம் உண்டு. நன்கு மின்னேற்றிய ஈய அமிலப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறையாது. மின்னிறங்கிய பற்றரியோ பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து வெடிக்கக்கூடும். உள்ளேயுள்ள அமிலம் மின்னிறங்க இறங்கத் தண்ணீரை நெருங்கிவிடுவதே காரணம். புதிய இலிதியப் பற்றரிகள் பாரம் குறைந்தவை, ஆற்றல் மிகுந்தவை. எனினும் உறைநிலைக்குக் கீழே அவற்றுக்கு மின்னேற்றினாற் கெட்டுவிடும். ஆகவே அவற்றை வண்டியின் சூடான பகுதியிலேயே வைப்பர். டீசலும் குளிரறியும். சாதாரண டீசலிலுள்ள மெழுகு குளிரிலே திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வடநாடுகளில் மாரிக்கென்று வேறு டீசல் விற்பனையாகின்றது. தெற்கே நிரப்பிய தாங்கியோடு வடக்கே போகாமல், இருப்பைக் குறைத்துக்கொண்டு சென்று, குளிர்ப் பிரதேசத்திலே நிரப்புவதே உசிதம்.

ரயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; சட்டமே சொல்லிவிடுகின்றது. 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு நோர்வேயில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மாரிக்கால ரயர் கட்டாயம். சங்கிலிகளையும் எடுத்துச் செல்லவேண்டும். எமது வண்டி அவ்வகையினது. சட்டம் சொல்லாதது ஒன்று: சங்கிலி பூட்டுவதை முற்றத்தில் வெளிச்சத்திலே பழகிக்கொள்ளவேண்டும். கையுறையோடு இருட்டிலே மலைச்சரிவில் முதன்முறையாகப் பூட்ட முயல்வது, முடிச்சு விழுந்த வலையைப் புயலிலே பிரிப்பது போன்றது. கைப் பிறேக்கை இழுத்துவிட்டு இரவில் நிறுத்தினால் அது உறைந்து இறுகிப்போகும். கியரில் விட்டு, சில்லுக்கு அணை வைப்பதே அங்குள்ள வழக்கம். பூட்டை உருக்கும் மருந்தை வண்டிக்குள்ளே வைத்துப் பூட்டிவிடவும் கூடாது. இதை எழுதத் தேவையில்லை என்று எண்ணுவீர்கள். தேவை இருந்தது.

இத்தனையும் செய்த பிறகுதான் சுவர்களையும் கண்ணாடிகளையும் கவனித்தோம். வண்டியின் மிகப் பெரிய ஓட்டை அதன் முன்கண்ணாடிதான் என்பர். வெப்பம் அதன் வழியே ஓடிவிடும். அதற்குத் தடித்த மெத்தை போன்ற போர்வை உண்டு. உள்ளே மாட்டுவதும் உண்டு. வெளியே மாட்டுவதும் உண்டு. வெளியே மாட்டுவதே மேல். உள்ளே மாட்டினால் போர்வைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் ஒடுங்கி, உறைந்து, காலையிற் சுரண்டவேண்டியிருக்கும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகின்றது? எம்மிடமிருந்தே வருகின்றது. ஒருவர் உறங்கும் ஓரிரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ கால் லீற்றருக்கு மேற்பட்ட நீர் வெளியேறுகின்றது. ஐவர் படுத்தால் ஒரு லீற்றருக்கு மேல். அடுப்பெரித்தால் இன்னும் வரும். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கின்றது என்று சொன்னால் நம்பக் கடினம். காற்றிலுள்ள ஒட்சிசன் அதனுடன் சேர்வதால் அவ்வாறாகின்றது. அதன்மேல் சோறும் பிட்டும் இடியப்பமும் அவிக்கும் நம்மவர் வீடு என்றால் சொல்லவேண்டுமா? இந்த நீராவியெல்லாம் குளிர்ந்த மூலை எங்கே என்று தேடிப்போய் ஒடுங்கும். கட்டிலின் கீழே, அலுமாரியின் பின்னே, மெத்தையின் அடியிலே. முதலில் ஈரம், பிறகு பூஞ்சணம், கடுங்குளிரில் பனிக்கட்டி. ஒஸ்லோவில் நூதனசாலையாக நிற்கும் "பிராம்" என்னும் கப்பலை நாம் போய்ப் பார்த்தோம். கொலின் ஆச்சர் கட்டிய அக்கப்பலில் நான்சன் என்பார் 12 துணைவரோடு 1893 முதல் வட துருவக் கடற்பனியிற் சிக்கி மிதந்தார்; 1896இற் கப்பல் நலமே மீண்டது. அதன் அறைச்சுவர்களில் தாரூட்டிய கம்பளம், தக்கை, கலைமான் மயிர் என்று அடுக்கடுக்காக வைத்திருந்தனர். முந்திய துருவக் கப்பல்களில் மாலுமிகளின் மூச்சு சுவரிலே உறைந்து படுக்கைகளில் வடிந்ததாம். அந்தத் துன்பத்தை நீக்கவே அத்தனை அடுக்கும். அடுக்கோடு காற்றோட்டத்துக்கும் வழி வைத்திருந்தனர். நாம் அடுக்குகளை எண்ணிப் பார்த்தோம்; காற்றுவழியை எண்ண மறந்தோம்.

இப்போது எமது காரியத்துக்கு வருவோம்.

மோட்டார் வீட்டின் தரையிலும் கூரையிலும் நிரந்தரமாகத் திறந்த துவாரங்கள் சில உண்டு. அடுப்புக்கருகே தரையிலும் ஒன்று இருக்கின்றது. வெளியே கடுங்குளிர், உள்ளே காலடியில் ஓர் ஓட்டை, அதன்வழி ஊசிபோலக் காற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்தவுடன் தோன்றுவது ஒன்றே. பெறாமகன் ஒஸ்லோவிலேயே, "பெரியப்பா, அது அப்பிடித்தான் இருக்கவேணும்" என்று சொல்லியிருந்தான். நாம் அதை, இளைஞருக்கு இயல்பான அசட்டை என்று கொண்டோம்.

புறப்பட்ட நான்காம் நாள், சுவீடனில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, யொக்மொக் என்னும் சிற்றூருக்கு அப்பால் தங்கினோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 24 பாகை. இரவு முழுவதும் பனி கொட்டியது. எல்லோரும் உறங்கியபின் நாம் மெல்ல எழுந்து, எமது கம்பளிச் சால்வையைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தோம். சால்வை சரியாகப் பொருந்தியது. மிகுந்த திருப்தியோடு படுத்தோம்.

விடியற்காலையில் மருமகள் எழுந்து பிட்டு அவிக்கத் தொடங்கினாள். கூரைத் துவாரத்தின் மேல் இரவிற் பெய்த பனி ஒரு முழ உயரத்துக்கு மூடிக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. தரைத் துவாரம் மூடிக் கிடந்தது எமக்கு மட்டும் தெரியும். பெரிய பானையின் அடியில் நீலமாய் எரிந்த சுவாலை சற்றே மஞ்சளித்ததாக அவள் பின்னர் சொன்னாள். இருபது நிமிடம் சென்றிருக்கும். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய சிறு பெட்டி ஒன்று காதைப் பிளக்குமாறு அலறியது. காபனோரொட்சைட்டு வாயுவை அறியும் கருவி அது. "வீண் செலவு" என்று ஒஸ்லோவில் நாம் சொன்ன பொருள்களுள் அதுவும் ஒன்று. பெறாமகன் பாய்ந்து அடுப்பை அணைத்தான்; கதவைத் திறந்து பிள்ளைகளைப் படுக்கை உடுப்போடே பனிக்குள் இழுத்துவிட்டான். சின்னவள் தலையிடிக்கிறது என்று அழுதாள். நாம் வெறுங்காலோடு நின்றோம்.

"தரை ஓட்டையை அடைச்சது ஆர்?" என்று அவன் கேட்டான். சால்வை எமது என்பது அவனுக்குத் தெரியும். அதன்பின் அதைப்பற்றி ஒரு சொல்லும் அவன் பேசவில்லை. அதுவே எமக்கு அதிகமாகச் சுட்டது.

அருகிலிருந்த மருத்துவ நிலையத்தில் ஐவரின் இரத்தத்தையும் சோதித்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பிலும் அது பிறக்கும். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைவிட ஏறத்தாழ 200 மடங்குக்கு மேல் வலுவாக அதனைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, மயக்கம், உறக்கம் என்று அது ஏறும். உறக்கத்திலே வந்தால் தலையிடியையும் உணராமலே போய்விடலாம்.

எம்மிலும் அறிவும் அனுபவமும் மிக்க ஒருவருக்கு இது நேர்ந்திருக்கின்றது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சட் பேர்ட் 1934ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவில், தம் முகாமிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர் அப்பால், பனிக்குள்ளே புதைத்த சிறு குடிசையில் மாரி முழுவதும் வானிலையை நோக்கத் தனித்திருந்தார். அடுப்பின் புகைக்குழாயும் காற்றுக்குழாய்களும் பனிக்கட்டியால் அடைபட, அடுப்பும் மின்யந்திரமும் கக்கிய வாயு அவரைப் பல வாரம் மெல்ல மெல்ல வருத்தியது. அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தாற் குளிர். தம் நோயை அவர் முகாமுக்கு அறிவிக்கவில்லை. தேடிவருவோர் இருளில் மாண்டுபோவரே என்று அஞ்சினார். வானொலியில் அவர் அனுப்பிய செய்திகள் தடுமாறுவதைக் கண்டு துணைவர்களே ஐயுற்று, மூவர் இயந்திர வண்டியில் ஓகஸ்ட் மாதம் வந்துசேர்ந்தனர். அவர் பிழைத்தார். எமக்கோ ஒரு சிறு பெட்டி அலறியது.

அதன்பின் எஞ்சிய 7 நாளும் ஒவ்வொரு காலையிலும் முதலில் நடந்த வேலை, நெருப்பு மூட்டுமுன், ஏணி வைத்து ஏறிக் கூரைத் துவாரங்களையும் சூடாக்கியின் புகைக்குழாயையும் பனியிலிருந்து மீட்பது. அவ்வேலையை நாமே கேட்டுப் பெற்றுக்கொண்டோம். நிறுத்தியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட நேர்ந்தால், பின்புறப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கின்றதா என்று சவளோடு போய்ப் பார்ப்பதும் எமது வேலையாயிற்று. காஸ் சிலிண்டர்ப் பெட்டியின் அடியிலும் ஒரு துவாரம் உண்டு. புரொப்பேன் காற்றிலும் பாரமானது, ஒழுகினாற் கீழ்வழியே போகவேண்டும் என்பதற்காக. அதையும் பனி மூடும். குளிர்சாதனப் பெட்டியின் வெளித் துவாரங்களுக்கு மட்டும் மாரியில் மூடி போடலாம், போடவும் வேண்டும். ஆனால் உற்பத்தியாளர் தரும் மூடியையே போடவேண்டும். எதை மூடலாம், எதை மூடலாகாது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம்.

கவுத்தொகெய்னோவை அடைந்தபோது, சாமி மக்களின் கூடாரம் ஒன்றினுள்ளே இருந்து தேநீர் அருந்தும் பேறு கிடைத்தது. கலைமான் மேய்க்கும் அம்மக்கள் அக்கூடாரத்தை "லாவூ" என்பர். கூம்பாக நட்ட கழிகள், நடுவே நெருப்பு, நிலத்திலே கலைமான் தோல். உச்சியிலே வானம் தெரிந்தது. ஆம், ஓட்டைதான். அத்தனை குளிரிலும் கூரை நடுவே ஒரு முழு ஓட்டையை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றனர். நாம் அண்ணாந்து பார்த்ததைப் பெறாமகன் கண்டான். அன்றுதான், நான்கு நாளுக்குப் பின், அவன் எம்மைப் பார்த்துச் சிரித்தான்.

வடமுனை இருக்கும் தீவுக்குப் போக, 1999இல் திறந்த கடலடிச் சுரங்கம் ஒன்றுண்டு. சுமார் 7 கிலோமீற்றர் நீளம். கடல் மட்டத்துக்குக் கீழ் 212 மீற்றர் ஆழம். உள்ளே கசியும் நீர் உறையாதிருக்க, இரு முனையிலும் கதவு வைத்திருக்கின்றனர். கடுங்குளிரில் அது மூடியிருக்கும், வண்டி நெருங்கினாற் திறக்கும். கடைசி 13 கிலோமீற்றரை மாரிக்காலத்தில் எவரும் தம் எண்ணப்படி கடக்க முடியாது. குறித்த நேரத்திற் பனி தள்ளும் லொறி முன்னே போக, வண்டிகள் அதன் பின்னே வரிசையாகப் போகவேண்டும். காற்று அதிகமானால் அதுவும் இல்லை. முதல்நாள் எம்மைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தோம். கடலுக்கு மேலே 307 மீற்றர் உயர்ந்த பாறை விளிம்பு, அப்பாற் கருங்கடல். அரைமணி நேரம் நின்றோம். பார்த்ததைவிடக் கண்ணைத் துடைத்ததே அதிகம்.

திரும்பும் வழியில் ஒவ்வோர் இரவும் படுக்குமுன், சின்னவள் தரையிற் குனிந்து அந்த ஓட்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எமக்குக் கேட்கும்படியாக, "காத்து வருகுது" என்று அறிவிப்பாள். பிறகே விளக்கு அணையும். சால்வையை வேறு பணிக்கு மாற்றியிருந்தோம். காலையில் கண்ணாடிகளின் உட்புற ஈரத்தைத் துடைக்க அது மிக நன்றாக உதவியது.

ஒஸ்லோ சேர்ந்த அன்று பயணப்பொதிகளை இறக்குமுன்பே பெறாமகன் வண்டியைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனான். தெற்கு வீதிகளிற் பனியை உருக்கத் தூவும் உப்பு வண்டியின் அடியில் ஒட்டியிருந்து இரும்பைத் தின்னுமாம். ஒரு மணி நேரம் அடிப்பாகத்துக்கு நீர் பாய்ச்சினான். பிறகு தாங்கிகளை வடித்து, குழாய்களைத் திறந்துவிட்டு, மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து, கதவை ஒரு விரற்கிடை திறந்து வைத்தான்.